மூவாயிரம் படங்களும் ஐந்து விநாடிகளும்

ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம். ஒவ்வொரு படமும் கணினித் திரையில் தெளிவதற்கு ஐந்து விநாடி. பெருக்கிப் பாருங்கள்: 15,000 விநாடி. நான்கு மணி நேரத்துக்கும் மேல். இதற்குள் ஒரு படத்தைக்கூடத் திருத்தியிருக்க மாட்டோம். வெளிச்சம் கூட்டவில்லை, நிறம் மாற்றவில்லை. மங்கலாக இருக்கும் படம் எப்போது தெளியும் என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் மட்டும் அவ்வளவு.

இந்தக் கணக்கை எனக்கு அனுப்பியவர் கிள்ளானைச் சேர்ந்த ஒரு தம்பி. வாரநாளில் தொழிற்சாலையில் வேலை, வார இறுதியில் கல்யாணம், காதணி விழா, பிறந்தநாள் என்று படமெடுக்கிறார். "அண்ணே, கடையில காட்டுனேன். மிஷின் பழசாயிருச்சு, புதுசு வாங்குனாத்தான் சரியாகும்னு சொல்றாங்க. ஏழாயிரம் வெள்ளி ஆகுதுண்ணே. வாங்கலாமா?" என்று புலனத்தில் கேட்டிருந்தார். கையில் பணம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஆனால் அது மனைவியின் பிரசவத்துக்கென்று ஒதுக்கி வைத்ததாம்.

கணினி பற்றி எழுதுகிறவனிடம் 'வாங்கலாமா' என்று கேட்டால் உடனே 'வாங்கு' என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அவரிடம் கேட்டது வேறு. எந்த இடத்தில் நிற்கிறது? படங்களைப் புரட்டும்போதா, திருத்தும்போதா? லைட்ரூமின் கேட்டலாக் எந்தத் தட்டில் இருக்கிறது? வெளித்தட்டு என்றால் அதன் கேபிள் எப்படிப்பட்டது? இந்தக் கேள்விகள் ஏன் என்று புரிய வேண்டுமானால், கேமரா நமக்குத் தருவது என்ன என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

தொழில்முறையாகப் படமெடுப்பவர்கள் 'ரா' கோப்பில்தான் எடுக்கிறார்கள். பெயருக்கேற்ப அது பச்சைப் பொருள். அரிசி மாதிரி, இன்னும் சோறாகவில்லை. 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 6000-க்கு 4000 என்ற கணக்கில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பதிவாகும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலான கேமராக்களில் ஒரு புள்ளி ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற நிறச்சல்லடை அதற்குக் காரணம். பாதிப் புள்ளிகளின்மேல் பச்சை, கால்வாசியின்மேல் சிவப்பு, மீதிக் கால்வாசியின்மேல் நீலம். அதாவது, முடிந்த படத்தில் நாம் பார்க்கும் நிறத்தகவலில் மூன்றில் இரண்டு பங்கு, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் கணித்துப் போட்டது. பட்டுச்சேலையின் அரக்கு நிறம்கூட அப்படிக் கணித்ததுதான்!

அந்தக் கணிப்பு முடிந்த பிறகு வெள்ளைச் சமநிலை, லென்ஸ் வளைவுத் திருத்தம், இரைச்சல் குறைப்பு, கூர்மை என்று வரிசையாக வேலைகள். இத்தனையும் ஒரு படத்துக்கு. அம்புக்குறியைத் தட்டி அடுத்த படத்துக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாதாரண முழு எச்டி திரையில் இருப்பது 1920-க்கு 1080. சுமார் 20 லட்சம் புள்ளிதான். 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளைச் சமைத்து, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் பரிமாறுகிறோம். ஆகவே மென்பொருள் எழுதுகிறவர்கள் வெகு காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சமைத்ததைச் சிறிய அளவில் எடுத்து வைத்துக்கொள்வது. இதுதான் முன்னோட்டம், பிரிவியூ. தோசைக்கு இரவே மாவரைத்து வைப்பது போலத்தான். காலையில் விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு அரிசியை ஊறப்போடுகிற வீட்டில் என்ன நடக்கும்?

மாவை ஒரே அளவில் வைப்பதில்லை. 6000-க்கு 4000 ஒரு படி. அதில் பாதியாக 3000-க்கு 2000 ஒரு படி. மறுபடி பாதியாக 1500-க்கு 1000. இப்படிக் கீழே கீழே போய்க் கடைசியில் தபால்தலை அளவு. கோபுரத்தைத் தலைகீழாகப் பார்ப்பது போல. ஒவ்வொரு படியும் முந்தையதில் கால்வாசிப் புள்ளிகளைத்தான் கொண்டிருப்பதால், எல்லாச் சிறிய படிகளையும் கூட்டினாலும் முதல் படியில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். லான்ஸ் வில்லியம்ஸ் என்ற கணினி அறிஞர் 1983-இல் இதை 'மிப்மேப்' என்ற பெயரில் எழுதினார். இன்றைக்குக் கணினி விளையாட்டிலிருந்து வரைபடச் செயலி வரை எல்லாவற்றிலும் இந்த யோசனைதான் ஓடுகிறது.

சரி, லைட்ரூமுக்கு வருவோம். நம்மூர்ப் படப்பிடிப்பாளர்களில் நான் சந்தித்தவர்கள் பெரும்பாலும் அடோபியின் லைட்ரூம் கிளாசிக்தான் வைத்திருக்கிறார்கள். படங்களை உள்ளே இறக்கும்போது வலப்பக்கம் மேலே 'பில்ட் பிரிவியூஸ்' என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. தலைவலி தொடங்குவதும் தீர்வதும் அங்கேதான்.

'மினிமல்' என்று விட்டால், கோப்புக்குள் இருக்கும் தபால்தலைப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இறக்குவது சட்டென்று முடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு படத்தையும் திறக்கத் திறக்கத்தான் சமையல் நடக்கும். கிள்ளான் தம்பியின் கணினியில் இருந்தது இதுதான். 'ஸ்டாண்டர்ட்' என்பது உங்கள் திரைக்கு ஏற்ற அளவில் முன்கூட்டியே தயாரித்து வைப்பது. '1:1' என்பது முழு அளவு. படத்தைப் பெரிதாக்கி, மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் விழுந்திருக்கிறதா, காதோரப் பூவில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு இதுதான் வேண்டும். ஆனால் மூவாயிரம் படத்துக்கு 1:1 தயாரிக்க நேரம் பிடிக்கும், இடமும் எளிதில் பத்து ஜிகாபைட்டைத் தாண்டும். தூங்கப் போகும்முன் ஓடவிட்டுவிட்டுப் போங்கள். முப்பது நாளில் தானாக அழிந்துவிடும்படி கேட்டலாக் செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள், ஒரு வாரம் என்றும் வைக்கலாம்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. 'எம்பெடட் அண்ட் சைட்கார்'. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் ரா கோப்பில் எடுத்தாலும், படமெடுத்த அந்த நொடியிலேயே கேமரா தன் பங்குக்கு ஒரு ஜேபெக் படத்தைச் சமைத்து அதே கோப்புக்குள் ஒட்டி வைத்துவிடுகிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் நாம் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் அக்காள் எட்டிப் பார்த்து "ரொம்ப அழகா வந்திருக்கு தம்பி" என்று சொன்னதும் அதைப் பார்த்துத்தான். ஏற்கெனவே சமைத்த படம் உள்ளே இருக்கும்போது மறுபடி ஏன் சமைக்க வேண்டும்? அதையே எடுத்துக் காட்டினால் போதாதா? போதும், பொறுக்குவதற்கு. விளையாட்டுப் போட்டிகளிலும் பத்திரிகைகளிலும் படமெடுப்பவர்கள் 'ஃபோட்டோ மெக்கானிக்' என்ற மென்பொருளை விடாமல் வைத்திருப்பதன் ரகசியம் இதுதான். அது ரா கோப்பைச் சமைக்காமல், உள்ளே ஒட்டியிருக்கும் ஜேபெக்கை உருவிக் காட்டுகிறது. அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த படம், காத்திருப்பே இல்லை. லைட்ரூமிலும் இந்த நான்காவது வழியைத் தேர்ந்தெடுத்தால் கிட்டத்தட்ட அதே வேகம் கிடைக்கும். கட்டணமும் கூடுதலில்லை.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. எல்லா கேமராவும் முழு அளவு ஜேபெக்கை உள்ளே வைப்பதில்லை. சோனியின் சில மாடல்களில் உள்ளே இருப்பது 1616-க்கு 1080 அளவுதான். முகத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்க அது பற்றாது. இன்னொன்று, நிறம். கேமரா தன் சுவைக்குச் சமைத்தது ஒரு மாதிரி இருக்கும். லைட்ரூம் தன் சுவைக்குச் சமைப்பது வேறு மாதிரி இருக்கும். படத்தைத் திருத்தத் திறந்த அடுத்த விநாடி நிறம் சட்டென்று மங்கி, தட்டையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயந்து என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஒன்றும் கெடவில்லை. சமையல்காரர் மாறிவிட்டார், அவ்வளவுதான். டெவலப் பகுதியில் 'புரொஃபைல்' என்ற இடத்தில் கேமராவின் சொந்த நிறத்தைப் போன்ற 'கேமரா மேட்சிங்' வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

வேகம் என்றால் நேரம் மிச்சம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தாலி கட்டும் அந்த நொடியில் பன்னிரண்டு படம் அடுத்தடுத்து எடுத்திருப்பீர்கள். ஒன்றில் பெண் கண் மூடியிருப்பாள். ஒன்றில் அட்சதை முகத்தை மறைத்திருக்கும். ஒன்றே ஒன்றில் அம்மாவின் கண்ணீரும் மாப்பிள்ளையின் நடுங்கும் விரலும் சேர்ந்து விழுந்திருக்கும். படம் தெளியக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், மங்கலாக இருக்கும்போதே 'இது சரியில்லை' என்று எக்ஸ் எழுத்தைத் தட்டித் தள்ளிவிடுகிறவர்களை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரவு ஒரு மணிக்கு, இரண்டாயிரத்து நானூறாவது படத்தில், யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஒதுக்கிய படங்களை மொத்தமாக அழித்துவிட்டால் அந்த நொடி திரும்பி வராது.

இனி, புதுக் கணினி விவகாரம். லைட்ரூமில் லைப்ரரி, டெவலப் என்று இரண்டு பெரிய அறைகள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு அடுப்பில் சமைக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. லைப்ரரியில் புரட்டும்போது, முன்பே தயாரித்த முன்னோட்டங்களிலிருந்து படம் வருகிறது. டெவலப்பில் நுழைந்ததும் அது மூலக்கோப்பையே திறந்து நேரடியாகச் சமைக்கத் தொடங்குகிறது. ஆகவே லைப்ரரிக்காக 1:1 முன்னோட்டம் இரவெல்லாம் தயாரித்துவிட்டு, 'டெவலப்பில் இன்னும் நிற்கிறதே' என்று குறைப்பட்டுப் பயனில்லை. டெவலப்புக்கு உதவுவது 'கேமரா ரா கேஷ்' என்ற தற்காலிகக் கிடங்கு. பிரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இதன் அளவு இருக்கும். சிறிதாக இருந்தால் 20 ஜிகாபைட் அளவுக்கு உயர்த்திவிடுங்கள். வேகமான தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டு பெரிதும் உதவுவதும் டெவலப்பில்தான். 2015-இல் வந்த பதிப்பிலிருந்து அடோபி அதைப் பயன்படுத்துகிறது. 4கே திரை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். எச்டி திரையைவிட நான்கு மடங்கு புள்ளி. அத்தனையையும் ஒவ்வொரு முறை ஸ்லைடரை இழுக்கும்போதும் வரைய வேண்டும். பழைய கணினியோடு புதுசாக 4கே திரை வாங்கி இணைத்துவிட்டு 'திடீரென்று மெதுவாகிவிட்டது' என்று சொல்பவர்களுக்குக் காரணம் கண்ணெதிரேயே இருக்கிறது.

திருத்தும் வரிசைகூட வேகத்தைப் பாதிக்கும். தேவையில்லாத புள்ளிகளைத் துடைப்பது முதலில், கோணல் நிமிர்த்துவது அடுத்து, வெளிச்சமும் நிறமும் அதற்குப் பிறகு, இரைச்சல் குறைப்பும் கூர்மையும் கடைசியில். முதலிலேயே இரைச்சல் ஸ்லைடரை ஏற்றிவிட்டால், பிறகு செய்யும் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அந்தக் கனமான கணக்கையும் கணினி சுமந்துகொண்டே ஓட வேண்டியிருக்கும்.

கிள்ளான் தம்பிக்கு இவ்வளவும் தேவைப்படவில்லை. மடிக்கணினிக்குள் வேகமான எஸ்எஸ்டி இருந்தும், இடம் மிச்சமாகட்டும் என்று கேட்டலாக்கையே வெளித்தட்டில் வைத்திருந்தார். லைட்ரூம் முன்னோட்டங்களை எப்போதும் கேட்டலாக்கின் பக்கத்திலேயே வைக்கும். அந்த வெளித்தட்டோ சுழலும் பழைய வகை. அதையும் யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தார். காகிதத்தில் 480 மெகாபிட் என்று எழுதியிருந்தாலும், நடைமுறையில் விநாடிக்கு முப்பது, நாற்பது மெகாபைட் வருவதே பெரிது. சமைத்து வைத்ததை எடுத்துவரவே அவர் பக்கத்து ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தார்!

லைட்ரூமை மூடிவிட்டு, கேட்டலாக் இருக்கும் கோப்புறையை அப்படியே உள்தட்டுக்கு நகலெடுக்கச் சொன்னேன். மூலப் படங்கள் வெளித்தட்டிலேயே இருக்கலாம். புது இடத்திலுள்ள கேட்டலாக்கைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும். அடுத்த கல்யாணத்துக்கு 'எம்பெடட்' வழியில் இறக்கிப் பொறுக்கினார். மூவாயிரத்திலிருந்து அறுநூறு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்ததாம். பொறுக்கிய அறுநூறுக்கு மட்டும் 1:1 போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். ஏழாயிரம் வெள்ளி பத்திரமாக இருக்கிறது.

முன்னோட்டத்தில் இன்னொரு வகையை விட்டுவிட்டேன், 'ஸ்மார்ட் பிரிவியூ'. 2013-இல் லைட்ரூம் 5-உடன் வந்தது. நீள்பக்கம் 2560 புள்ளி. மூலக்கோப்பு கையில் இல்லாவிட்டாலும் இதை வைத்தே படத்தைத் திருத்தலாம், ஏற்றுமதியும் செய்யலாம். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றிரண்டு மெகாபைட்தான். டெவலப்பில் கணினி திணறினால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மூலத்துக்குப் பதிலாக ஸ்மார்ட் பிரிவியூவைப் பயன்படுத்தச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள். சிறிய கோப்பு என்பதால் பழைய கணினிகூட ஓடும்.

எனக்குத் தெரிந்த குடும்பத்தில் போன ஆண்டு இது வேறு விதமாகக் கைகொடுத்தது. ஈப்போவில் தாத்தா தவறிவிட்டார். மறுநாள் காலை காரியம். வைப்பதற்குப் படம் தேடினால் அடையாள அட்டையில் இருக்கும் படம்தான் அகப்பட்டது. கல்லுப் போல் ஒரு முகம், பேரப்பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாது. முந்தைய தீபாவளிக்கு வேட்டியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிக்கும் படமொன்றைப் பேரன் எடுத்திருந்தான். குடும்பப் புலனக் குழுவில் இருந்த நகல் அச்சுக்கு ஆகாத அளவு சுருங்கிப்போயிருந்தது. மூலக்கோப்பு இருந்த தட்டோ ஜொகூரில், பூட்டிய வீட்டில். பேரன் கோலாலம்பூரிலிருந்து மடிக்கணினியோடு காரில் வந்துகொண்டிருந்தான். அதில் ஸ்மார்ட் பிரிவியூ இருந்தது. 2560 புள்ளியைப் பதினெட்டு அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 142 புள்ளி வரும். கையில் வைத்து உற்றுப் பார்க்கும் ஆல்பத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான்கடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்குத் தாராளம். ஒரு ஸ்டூடியோவில் இரவோடு இரவாக அச்சடித்துச் சட்டம் போட்டார்கள். பாட்டி அந்தப் படத்தை இன்னும் கூடத்திலிருந்து எடுக்கவிடவில்லை.

இடம் போதவில்லை என்று கோப்புகளை அழிக்கப் போகிறவர்கள் பெயரைப் பார்த்து அழியுங்கள். 'பிரிவியூஸ்' என்று முடிகிற எல்ஆர்டேட்டா கோப்புறையை அழித்தால், மூலப் படங்கள் இருக்கும்வரை மறுபடி தயாரித்துக்கொள்ளலாம், நேரம்தான் செலவு. 'ஸ்மார்ட் பிரிவியூஸ்' என்றிருப்பதை மூலம் பத்திரமாக இருக்கிறதென்று தெரியாமல் தொடாதீர்கள். எல்ஆர்கேட் என்று முடிகிற கோப்பில்தான் நீங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் இருக்கின்றன. அதன் பக்கமே போகாதீர்கள்.

மாதச் சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு 'டார்க்டேபிள்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதிலும் இதே கதைதான். ரா கோப்பைச் சமைப்பதா, உள்ளே இருக்கும் ஜேபெக்கைக் காட்டுவதா என்று எந்த அளவுக்கு மேல் முடிவு செய்ய வேண்டும் என்பதை லைட்டேபிள் அமைப்புகளில் நீங்களே குறிப்பிடலாம். ஓபன்சிஎல் வசதியுள்ள கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். முதல் இரண்டு நாள் முகப்பைப் பார்த்து மிரளாமல் இருந்தால் பழகிவிடும்.

கேமராவே இல்லை, கைப்பேசி மட்டும்தான் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐபோனில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால், இடம் குறையும்போது மூலப் படங்கள் ஐகிளவுடுக்குப் போய்விடும். கைப்பேசியில் இருப்பது சிறிய நகல். தொட்டதும் முதலில் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளிவது அதனால்தான். 'இடம் அடைக்கிறதே' என்று கைப்பேசியில் அந்தப் படத்தை அழித்தால் ஐகிளவுடில் இருக்கும் மூலமும் சேர்ந்து போகும். சமீபத்தில் அழித்தவை என்ற பெட்டியில் முப்பது நாள் வரை கிடக்கும். வீட்டில் பெரியவர்களின் கைப்பேசியை இந்த வாரம் ஒருமுறை வாங்கி, அந்தப் பெட்டியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.